கொட் மீன்வளத்தின் வீழ்ச்சியும் அதனைப் பாதுகாக்கும் முயற்சிகளும்

புவியியல் – க.பொ.த. (சாதாரண தரம்)
மீன்பிடிக் கைத்தொழில்: விடய ஆய்வு

உலகின் பிரதான மீன்பிடிப் பிரதேசங்களைப் பெயரிடுக என்றால் மாணவர்கள் வடமேல் அத்திலாந்திக்கைத் தவறாது எழுதுகின்றனர். அங்கு பிடிக்கப்பட்ட முக்கிய மீன் யாது எனக் கேட்டால் ‘கொட்’ என்ற விடையும் வந்துவிடும். அம்மீன்வளம் வீழ்ச்சியடைந்தமைக்கான காரணங்களை விளக்குக என்று அடுத்த பகுதி வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. “அளவுக்கு மீறிப் பிடித்தமை” என ஒரு வரி எழுதப்படும். அது பிழையல்ல, ஆனால் விளக்கமும் அல்ல. அளவு எது, அதை மீறியது யார், மீறும்போது ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என்ற மூன்றுக்கும் அந்த ஒரு வரியில் பதில் இல்லை.

கனடா வறிய நாடன்று. அங்கு மீன்பிடிச் சட்டம் இருந்தது, கடலாய்வுக் கப்பல்கள் இருந்தன, ஆண்டுதோறும் மீன்வளத்தைக் கணக்கிடும் விஞ்ஞானிகள் இருந்தனர். அவ்வாறிருந்தும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் மனிதருக்கு உணவளித்த ஒரு மீன்வளம் சில தசாப்தங்களில் அழிந்தது. இப்பாடத்தை வாசிக்கும்போது “எப்படி?” என்ற வினாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கொட் மீனும் அதன் வாழிடமும்

கொட் எமது கடலில் இல்லாத மீன். குளிர்நீரில், கடலடியை அண்டி வாழ்வது. எம்மிற் பலர் சிறுவயதில் முகத்தைச் சுழித்துக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெய் இம்மீனின் ஈரலில் இருந்து எடுக்கப்படுவதே. சதையில் கொழுப்பு மிகக் குறைவாதலால் உப்பிட்டு உலர்த்தினால் நெடுநாள் கெடாது. குளிரூட்டி இல்லாத காலத்தில் இக்குணமே இதனை உலக வணிகப் பொருளாக்கியது. எமது மொழியில் கூறினால் இது கருவாட்டுக்கு ஏற்ற மீன்.

கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தென்கிழக்கில், கண்டமேடையின் மீது ‘கிராண்ட் பாங்க்’ எனப்படும் பரந்த கடலடி மேடை அமைந்துள்ளது. இங்கு பெரும்பாலான இடங்களில் ஆழம் 100 மீற்றருக்கும் குறைவு. வடக்கிலிருந்து வரும் குளிரான லபிறடோர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெப்பமான குடா நீரோட்டமும் இப்பகுதியிலேயே சந்திக்கின்றன. நீர் கலக்கப்படுவதால் போசணைப் பொருட்கள் மேலெழுகின்றன. ஆழம் குறைவாதலால் சூரிய ஒளியும் கிடைக்கின்றது. இதனால் பிளாந்தன்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணக் கபெலின் போன்ற சிறுமீன்களும், கபெலினை உண்ணக் கொட்டும் வருகின்றன. நீரோட்டங்கள் சந்திப்பதன் இன்னொரு விளைவு அடர்ந்த மூடுபனி. படம் வரையும் மாணவர்கள் இரு நீரோட்டங்களின் திசையையும் அம்புக்குறியால் காட்டத் தவறவேண்டாம்.

இம்மீனின் வாழ்க்கையில் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்பாடத்தின் பிற்பகுதி அவற்றிலேயே தங்கியுள்ளது.

முதலாவது, கொட் மெதுவாக முதிர்ச்சியடைவது. நியூபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே வாழும் ‘வடக்குக் கொட்’ கூட்டம் முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். பெரிய பெண் மீன் ஒன்று ஒரு பருவத்தில் பல மில்லியன் முட்டைகளை இடும். சிறிய மீன் இடும் தொகை அதைவிட மிகக் குறைவு. ஆகவே பெரிய மீன்களை நீக்கினால் குஞ்சு தரும் ஆற்றலின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இரண்டாவது, அதன் நடமாட்டம். குளிர்காலத்தில் இம்மீன்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில், கண்டமேடையின் விளிம்பை அண்டிய ஆழமான நீரில் பெருங்கூட்டமாகத் திரண்டு முட்டையிடுகின்றன. கோடையில் கபெலினைப் பின்தொடர்ந்து கரையை நோக்கி வருகின்றன. கரையோர மீனவர் காத்திருந்தது இக்கோடை வரவுக்காகவே.

2. பழைய மீன்பிடி முறை

1497 இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஜோன் கபோட் இக்கடலை அடைந்தார். கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீனை அள்ளலாம் என்று அப்பயணம் பற்றிய செய்தி ஐரோப்பாவில் பரவியது. தொடர்ந்து போர்த்துக்கேயர், பிரெஞ்சுக்காரர், பாஸ்க் இனத்தவர், ஆங்கிலேயர் எனப் பலரும் அத்திலாந்திக்கைக் கடந்து வந்தனர். உப்பிட்டு உலர்த்திய கொட் ஐரோப்பியச் சந்தைகளை நிரப்பியது. தரம் குறைந்தவை கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட ஆபிரிக்க மக்களுக்கு உணவாக அனுப்பப்பட்டன. வரலாறு பாடத்தில் அடிமை வணிகம் படிக்கும்போது இதனையும் இணைத்து நினைவிற்கொள்ளலாம்.

கரையோர மீனவர் பயன்படுத்தியவை தூண்டில், சிறு படகு, கரைக்கு அண்மையில் பெட்டிபோல நிறுத்திக் கட்டப்படும் வலை ஆகியவையே. மீன் கரைக்கு வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது. குளிர்காலத்தில் கடல் உறைந்து பனிக்கட்டி மிதக்கும். முட்டையிடும் இடங்களோ வெகுதூரத்தில், ஆழத்தில் இருந்தன. ஆகவே எந்த அரசும் சட்டம் இயற்றாமலேயே கொட்டுக்கு ஒரு தடைக்காலமும் தடைப்பகுதியும் இருந்தன. குளிரும் தூரமும் ஆழமுமே அச்சட்டம். இதனை விடையில் எழுதும் மாணவர் மிகச் சிலர். ஆனால் அடுத்து நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ளும் திறவுகோல் இதுவே.

3. தொழிற்சாலைக் கப்பல்களின் வருகை

1954 இல் ‘ஃபெயார்ட்றை’ என்னும் பிரித்தானியக் கப்பல் இத்துறையில் இறங்கியது. பின்புறமாக இழுவை வலையை ஏற்றியிறக்கி, பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, சதையைப் பிரித்து, உறையவைத்துச் சேமிக்கும் வசதி அதில் இருந்தது. ஒரு கப்பலே படகும் தொழிற்சாலையும் களஞ்சியமும் ஆயிற்று. தொடர்ந்து சோவியத் ஒன்றியம், ஸ்பெயின், போர்த்துக்கல், கிழக்கு ஜேர்மனி முதலான நாடுகளின் கப்பல்களும் வந்து குவிந்தன. இழுவை வலை கடலடியை எவ்வாறு வழித்தெடுக்கும் என்பதை வடபகுதி மாணவர்களுக்கு நான் விளக்கவேண்டிய தேவையில்லை.

இக்கப்பல்கள் பனிக்கட்டிக்கு அஞ்சவில்லை. சோனார் முதலிய ஒலிக் கருவிகளால் ஆழத்தில் உள்ள மீன் கூட்டத்தைக் கண்டறிந்தன. முட்டையிடத் திரண்ட கூட்டங்கள் குளிர்காலத்தில் அவை திரண்ட இடத்திலேயே பிடிக்கப்பட்டன. இயற்கை போட்டிருந்த தடைக்காலமும் தடைப்பகுதியும் இவ்வாறு நீங்கின.

விளைவை எண்களில் பார்ப்போம். அதற்கு முன் வடக்குக் கொட் ஆண்டுக்கு 300,000 தொன்னுக்கு உட்பட்டே பெரும்பாலும் பிடிக்கப்பட்டு வந்தது. 1968 இல் அது ஏறத்தாழ 810,000 தொன் ஆகியது. பத்தே ஆண்டுகளில், 1978 இல், ஏறத்தாழ 139,000 தொன்னாக வீழ்ந்தது.

4. 1977: எல்லை விரிந்தது, பாடம் படிக்கப்படவில்லை

1977 இல் கனடா தனது மீன்பிடி எல்லையைக் கரையிலிருந்து 200 கடல் மைல் (ஏறத்தாழ 370 கிலோமீற்றர்) வரை விரித்தது. வெளிநாட்டுக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்டன. கிராண்ட் பாங்கின் ‘மூக்கு’, ‘வால்’ என அழைக்கப்படும் இரு முனைகள் மட்டும் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. அங்கு வெளிநாட்டார் தொடர்ந்து பிடித்தனர்.

பல மாணவர்கள் ‘வெளிநாட்டுக் கப்பல்களே காரணம்’ என்று முடித்துவிடுகின்றனர். 1977 வரைக்கும் இது பெருமளவு உண்மை. அதன் பின் அல்ல. எல்லை விரிந்தவுடன் இனி எல்லா மீனும் எமக்கே என்ற உற்சாகம் கனடாவில் பரவியது. அரச உதவியுடன் இழுவைக் கப்பல்களும் கரையில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளும் பெருகின. வெளிநாட்டார் செய்ததையே கனடாவின் சொந்தக் கப்பல்கள் செய்தன. மூன்றாம் தடவையும் அழுத்திச் சொல்கிறேன்: குளிர்காலத்தில், முட்டையிடும் கூட்டத்தில்.

இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் பிடிப்பது என்பது கனடாவின் கொள்கை. கொள்கை நல்லதே. ஆனால் ஐந்தில் ஒன்று எனக் கணக்கிட முதலில் முழுத்தொகை தெரியவேண்டுமே.

5. மீன் குறைவது தெரியவில்லையா?

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “மீன் குறையிறது அவைக்குத் தெரியேல்லையோ, சேர்?” நல்ல கேள்வி. பரீட்சையில் இக்கேள்வி நேராக வராவிட்டாலும் இதற்கு விடை தெரிந்தவர் மற்ற எல்லா வினாக்களுக்கும் விடையளிக்கலாம்.

உங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். வாளியை இறக்கி அள்ளுகிறோம். கிணற்றில் இருபது அடி தண்ணீர் இருந்தாலும் மூன்று அடி இருந்தாலும் வாளி நிறைந்தே வரும். தண்ணீர் இறங்கினால் கயிற்றைச் சற்று நீட்டிக்கொள்கிறோம். வாளிகளை மட்டும் எண்ணுபவருக்கு, வாளி தரையில் தட்டும் நாள்வரை கிணறு வற்றுவது தெரியாது. பிடிக்கும் அளவு வேறு, இருப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே பெரும் தவறாகியது.

கனடாவின் விஞ்ஞானிகள் இருப்பை இரு வழிகளில் மதிப்பிட்டனர். ஒன்று ஆய்வுக் கப்பல்களின் மாதிரி இழுவைகள். மற்றது வணிக இழுவைக் கப்பல்கள் ஒரு மணிநேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கு. 1980களில் இரண்டாவது கணக்கு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. ஆனால் உண்மையில் வளர்ந்தது மீனன்று. கருவிகள் திருந்தின, கப்பல் தலைவர்களின் அனுபவம் கூடியது. அதைவிட முக்கியமாக, கொட் எண்ணிக்கையிற் குறையும்போது பரந்த கடலில் ஐதாகச் சிதறி வாழ்வதில்லை, எஞ்சியவை சில இடங்களில் நெருக்கமாகத் திரள்கின்றன. கப்பல்கள் அந்த இடங்களைத் தேடிச் சென்று வலையிட்டன. வலை நிறைந்தது. கயிறு நீண்டது.

வேறுவிதமாகக் கண்டவர்கள் கரையோர மீனவர்களே. அவர்களது வலை ஓரிடத்தில் நின்று மீனுக்காகக் காத்திருப்பது, மீனைத் தேடிச் செல்வதில்லை. எனவே மீன் குறைந்தால் அவ்வலையிலேயே முதலில் தெரியும். 1980களில் தமது பிடி குறைவதையும் மீன்கள் சிறுத்துவருவதையும் அவர்கள் முறையிட்டனர். கரையோர நீர் குளிர்ந்திருப்பதால் மீன் கரைக்கு வரவில்லை என்ற விளக்கமே அவர்களுக்குக் கிடைத்தது. 1986 இல் கரையோர மீனவர் சங்கம் தானே உயிரியலாளர்களைக் கொண்டு ஓர் அறிக்கை தயாரிப்பித்து, அரச மதிப்பீடு மிகையானது எனச் சுட்டிக்காட்டியது. அதற்கும் உரிய கவனம் கிடைக்கவில்லை. படித்தவர் கணக்கு எது சொன்னாலும் தொழில் செய்பவர் கண்ணால் கண்டதையும் அதனருகில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

1989 இல் கணக்கு மீளப் பார்க்கப்பட்டபோது முன்னைய மதிப்பீடுகள் மிக உயர்ந்தவை எனத் தெரியவந்தது. ஐந்தில் ஒரு பங்கு என எண்ணிப் பிடித்தது உண்மையில் அதன் இரு மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. 1988 இல் அனுமதிக்கப்பட்ட அளவு 266,000 தொன். 1989 இற்கு 125,000 தொன்னாகக் குறைக்கவேண்டும் என்பது விஞ்ஞான ஆலோசனை. அரசு நிர்ணயித்தது 235,000 தொன். தொழிற்சாலைகள் மூடப்படும், மக்கள் வேலையிழப்பர் என்ற அச்சமே காரணம். 1990 இல் மெமோரியல் பல்கலைக்கழகத் தலைவர் லெஸ்லி ஹரிஸ் தலைமையிலான குழுவும் பிடியைக் குறைக்குமாறு பரிந்துரைத்தது. அளவு சிறிது சிறிதாகவே குறைக்கப்பட்டது. மீன் அதைவிட வேகமாகக் குறைந்தது.

இங்கு ஒரு குறிப்பு. 1990களின் தொடக்கத்தில் அக்கடல் வழமையைவிடக் குளிர்ந்திருந்தது. கபெலினும் பெருமளவு குறைந்தது. கொட்டை உண்ணும் கடல்நாய்களின் தொகை கூடியிருந்தது. இவற்றைத் துணைக் காரணங்களாக எழுதலாம். ஆனால் முதன்மைக் காரணமாக எழுதவேண்டாம். ஜெப்ரி ஹட்சிங்ஸ், றான்சம் மயர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், வீழ்ச்சிக்கு மிகைமீன்பிடியே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். குளிரான ஆண்டுகள் முன்னரும் வந்துபோயின. அவற்றை மீன்கள் தாண்டி வாழ்ந்தன.

6. 1992 ஜூலை 2

கனடாவின் மீன்பிடி அமைச்சர் ஜோன் குறொஸ்பி, தானே ஒரு நியூபவுண்ட்லாந்துக்காரர். அன்று சென் ஜோன்ஸ் நகரில் வடக்குக் கொட் மீன்பிடியை நிறுத்துவதாக அவர் அறிவித்தார். அறைக்கு வெளியே நின்ற மீனவர்கள் கதவை உடைத்து உள்ளே வர முயன்றனர். தடை இரண்டு ஆண்டுகளுக்கு எனக் கூறப்பட்டது. முட்டையிடக்கூடிய மீன்களின் இருப்பு அப்போது முன்னைய மட்டத்தின் ஏறத்தாழ 1 சதவீதம் அளவுக்கு வீழ்ந்திருந்தது.

ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். கடலுக்குச் சென்றவர்கள் மட்டுமல்ல, மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களும் இதில் அடங்குவர். முதலில் அறிவிக்கப்பட்ட நிவாரணம் வாரத்துக்கு 225 டொலர். எதிர்ப்புக்குப் பின் அது உயர்த்தப்பட்டது. 1994 இல் 1.9 பில்லியன் கனேடிய டொலர் செலவில் மீண்டுமொரு நிவாரணத் திட்டம் வந்தது. வேறு தொழிற் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒரே தொழிலை நம்பிய சிறு துறைமுகக் கிராமத்தில் பயிற்சி பெற்றவருக்கு வேலை எங்கே? இளையோர் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா முதலிய மாகாணங்களுக்குச் சென்றனர். 1991 குடித்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 568,000 ஆக இருந்த அம்மாகாணத்தின் மக்கட்டொகை 2001 இல் ஏறத்தாழ 513,000 ஆகக் குறைந்தது. பத்தாண்டில் பத்தில் ஒரு பங்கு. குடித்தொகை அலகில் ‘தள்ளும் காரணிகள்’ எனப் படித்தது இதுதான்.

இன்னொரு விடயமும் நிகழ்ந்தது. கொட் குறைந்தபின் அது உண்டுவந்த இறாலும் பனி நண்டும் பெருகின. சில ஆண்டுகளில் அவற்றின் பெறுமதி முன்னைய கொட் மீன்பிடியின் பெறுமதியையும் மிஞ்சியது. எனினும் அத்தொழிலுக்குத் தேவைப்பட்ட கைகள் குறைவு. வருமானம் கூடியது, வாழ்ந்த குடும்பங்கள் கூடவில்லை.

7. பாதுகாப்பு முயற்சிகள்

மீன்பிடியை நிறுத்தினால் மீன் பெருகும் என்பது எளிய எண்ணம். இரண்டு ஆண்டுகள் எனத் தொடங்கிய தடை 32 ஆண்டுகள் நீடித்தது. முட்டையிடும் பெரிய மீன்கள் எஞ்சவில்லை. உணவான கபெலின் குறைந்திருந்தது. குஞ்சுகளையும் இளம் மீன்களையும் ஏனைய உயிரினங்கள் உண்டன. மற்ற மீன்களுக்கு இடப்பட்ட வலைகளிலும் கொட் அகப்பட்டது. இதற்கிடையில் 1999 இல் கரையோரத்தில் சிறு அளவில் மீன்பிடி திறக்கப்பட்டு, இருப்பு மீண்டும் குறையவே 2003 இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் அரசின் ஆலோசனைக் குழு இம்மீன் கூட்டத்தை ‘ஆபத்துக்குள்ளானது’ என வகைப்படுத்தியது. 2006 முதல் கரையோர மீனவருக்கு மட்டும் சிறிய அளவு அனுமதிக்கப்பட்டு வந்தது.

2023 இல் கணிப்பு முறை திருத்தப்பட்டது. பழைய ஆண்டுகளின் தரவுகளும் சேர்க்கப்பட்டு, ‘மிக ஆபத்தான மட்டம்’ எது என்ற எல்லைக்கோடு கீழே கொண்டுவரப்பட்டது. அதன்படி வடக்குக் கொட் ‘அவதான வலயத்தில்’ இருப்பதாகக் கூறப்பட்டது. 2024 ஜூனில் அரசு தடையை நீக்கி 18,000 தொன் பிடிக்க அனுமதித்தது. 2025 இல் அது 38,000 தொன் ஆக்கப்பட்டது. 1968 இல் பிடிக்கப்பட்டதோடு ஒப்பிட்டால் இது 5 சதவீதமும் இல்லை. ஆயினும் கடற் பாதுகாப்பு அமைப்புகள் இதனைக் கண்டித்தன. மீன் திடீரெனப் பெருகியதால் வலயம் மாறவில்லை, கோடு மாறியதால் மாறியது என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

கடல் மீனுக்கு எல்லை தெரியாது என்பதால் சர்வதேச ஒத்துழைப்பும் தேவைப்பட்டது. 1979 இல் வடமேல் அத்திலாந்திக் மீன்பிடி அமைப்பு உருவாகி 200 மைல் எல்லைக்கு வெளியே பிடிக்கும் அளவை நாடுகளுக்குப் பங்கிட்டது. பங்கை மீறியோரைத் தண்டிக்க அதற்குப் போதிய பலம் இருக்கவில்லை. 1995 மார்ச்சில் எல்லைக்கு வெளியே நின்ற ‘எஸ்ராய்’ என்ற ஸ்பானியக் கப்பலைக் கனடா துப்பாக்கி வேட்டு எச்சரிக்கையுடன் கைப்பற்றியது. பிரச்சினைக்குரிய மீன் கொட் அல்ல, கொட்டுக்குப் பின் தேடப்பட்ட கிறீன்லாந்து ஹலிபட். அதே ஆண்டில், எல்லைகளைத் தாண்டி வாழும் மீன்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை நிறைவேறியது.

வெற்றி கண்ட நாடு என ஐஸ்லாந்தைக் குறிப்பிடலாம். அது 1958 இல் 12 மைல், 1972 இல் 50 மைல், 1975 இல் 200 மைல் எனத் தன் எல்லையை விரித்தபோது பிரித்தானியாவுடன் மோதல்கள் ஏற்பட்டன. இவை ‘கொட் யுத்தங்கள்’ எனப்படுகின்றன. எல்லை கிடைத்தபின் ஐஸ்லாந்தும் மிகையாகவே பிடித்தது. ஆனால் 1984 முதல் படகுகளுக்குக் கொட் பிடிக்கும் பங்கு வகுக்கப்பட்டது. 1995 இல் இருப்பின் 25 சதவீதம் மட்டுமே பிடிக்கலாம் என்ற விதி வந்தது, பின்னர் அது 20 சதவீதமாக்கப்பட்டது. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் அமைச்சரிடம் பேரம் பேச இடமில்லை. சிறுமீன் அதிகமாக அகப்படும் இடம் உடனடியாகத் தற்காலிகமாக மூடப்படும். பிடித்த கொட்டைக் கடலில் திருப்பி வீசுவதும் குற்றம். குறைபாடும் உண்டு: பங்குகளை விற்கலாம் என்பதால் அவை காலப்போக்கில் சில பெரிய கம்பனிகளிடம் சேர்ந்தன. சிறு துறைமுகங்கள் நலிந்தன.

நோர்வேயும் ரஷ்யாவும் பாரன்ட்ஸ் கடலின் கொட்டை இணைந்து நிருவகிக்கின்றன. 1980களின் இறுதியில் நெருக்கடி ஏற்பட்டபோது அங்கு அளவு விரைவாக வெட்டப்பட்டது. சிறுமீன் தப்பிச் செல்லும் கம்பிச் சட்டம் இழுவை வலைகளில் கட்டாயமாக்கப்பட்டது. 2013 இல் அங்கு அனுமதி 10 இலட்சம் தொன்னை எட்டியது. பின் இருப்பு மீண்டும் இறங்கியபோது 2025 இற்கான அனுமதி 340,000 தொன்னாகக் குறைக்கப்பட்டது. இதனைத் தோல்வி என்று எழுதவேண்டாம். இருப்பு இறங்கும்போது அனுமதியும் உடன் இறங்குவதுதான் நியூபவுண்ட்லாந்தில் நடக்காதது.

நுகர்வோர் வழியான முயற்சியும் உண்டு. 1997 இல் உருவான கடற் பொறுப்பாண்மைச் சபை, பேண்தகு முறையில் பிடிக்கப்படும் மீனுக்கு நீலநிறச் சான்று அடையாளம் வழங்குகின்றது. வடகடல் கொட்டுக்கு 2017 இல் அச்சான்று கிடைத்தது. இருப்பு குறைந்ததால் 2019 இல் நிறுத்தப்பட்டது.

8. மாதிரி வினா

வடக்குக் கொட், தொன்னில்:
பிடிக்கப்பட்டது: 1968 – 810,000, 1978 – 139,000
பிடிக்க அனுமதி: 1988 – 266,000, 1989 – 235,000, 2024 – 18,000, 2025 – 38,000

(அ) 1968 இற்கும் 1978 இற்கும் இடையில் பிடி எத்தனை சதவீதத்தால் குறைந்தது?
(ஆ) கிராண்ட் பாங்க் மீன்வளம் மிக்கதாக இருந்தமைக்கு இரண்டு பௌதிகக் காரணங்கள் தருக.
(இ) “வெளிநாட்டுக் கப்பல்களே கொட் வீழ்ச்சிக்குக் காரணம்.” இக்கூற்றை ஆராய்க.
(ஈ) பிடிக்கும் அளவு உயர்ந்திருப்பது மீன் இருப்பு உயர்ந்திருப்பதைக் காட்டாது. ஏன்?

விடைக் குறிப்புகள்

(அ) குறைவு 671,000 தொன். அதனை 810,000 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க ஏறத்தாழ 83 சதவீதம். 139,000 ஆல் வகுப்பது வழமையான பிழை. தொடக்க ஆண்டின் அளவாலேயே வகுக்க வேண்டும்.

(ஆ) ஆழம் குறைந்த கண்டமேடை. இரு நீரோட்டங்களின் சந்திப்பு. ‘குளிர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பிளாந்தன் பெருகுவதோடு தொடர்புபடுத்துக.

(இ) 1977 இற்கு முன், பின் என இரு பத்திகளாக எழுதுக. முன்னர் தொழிற்சாலைக் கப்பல்கள், 1968 இன் உச்சம். பின்னர் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள், மிகையான மதிப்பீடு, 1989 இல் ஆலோசனைக்கும் அனுமதிக்கும் இடையிலான 110,000 தொன் வேறுபாடு. மூக்கும் வாலும் எல்லைக்கு வெளியே நின்றமையைக் குறிப்பிட்டால் கூற்றில் உள்ள உண்மைப் பகுதிக்கும் இடம் கொடுத்தவராவீர்கள்.

(ஈ) கருவிகளின் முன்னேற்றம், எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரளுதல், கப்பல்கள் அவ்விடத்தைத் தேடிச் செல்லுதல் ஆகிய மூன்றையும் எழுதுக. கரையோர மீனவரின் நிலையான வலையை எதிர் உதாரணமாகக் காட்டலாம். கிணற்று உதாரணம் விளங்கிக்கொள்வதற்கு மட்டுமே, விடைத்தாளில் எழுதவேண்டியதில்லை.